ஓட்டுக் கேட்டு வரும் நீதிபதி என்ன பேசலாம்?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் நவம்பர் மாதப் பொதுத் தேர்தலுக்கு வாக்குச்சீட்டு வாங்குகிறவர் மேலே தெரிந்த பெயர்களைத்தான் முதலில் தேடுவார். ஆளுநர், செனட்டர் என்று வரும். ஒவ்வொரு பெயரோடும் கட்சியின் பெயர் இருக்கும். கடைசிப் பகுதிக்கு வந்தால் நீதிபதிகள். அங்கே கட்சி கிடையாது. பல இடங்களுக்கு ஒரே ஒருவர்தான் நிற்பார். போட்டி இருக்கும் இடங்களில், ஒரு பெயரோடு மட்டும் 'பதவியில் இருப்பவர்' என்று அச்சடித்திருக்கும். எதிர்த்து நிற்பவர் பெயரோடு ஒன்றும் இருக்காது.

அப்படி எந்த அடையாளமும் இல்லாத பெயராக நின்றவர்களில் ஒருவர் கிரெகரி வெர்சல் என்ற வழக்கறிஞர். மின்னசோட்டா உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடம் வேண்டும் என்று முயன்றார். ஒருமுறை பாதியில் விலகினார், பிறகும் நின்றார், அந்த நாற்காலி அவருக்குக் கிடைக்கவே இல்லை. ஆனால் நீதிபதி பதவிக்கு நிற்கும் ஒருவர் மக்களிடம் என்ன பேசலாம் என்ற கேள்விக்கு அமெரிக்கா முழுவதும் இன்று இருக்கும் பதில், அவர் நின்றதால் வந்தது. நீதிபதித் தேர்தல் என்ற ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள, வென்றவர்களின் கதையைவிட இவருடைய கதைதான் எனக்கு உதவியது.

முதலில் ஏற்பாட்டைப் பார்ப்போம். இந்தியாவிலோ இலங்கையிலோ நீதிபதி ஓட்டுக் கேட்டு வருவதில்லை. அதனால் இது நமக்குப் புதிதாகத் தோன்றும். அமெரிக்காவிலும் எல்லா நீதிபதிகளும் தேர்தலில் வருகிறவர்கள் இல்லை. மத்திய அரசின் நீதிமன்றங்களில் அதிபர் ஒருவரை முன்மொழிவார், செனட் ஒப்புதல் தரும், அவர் விரும்பும்வரை, வாழ்நாள் முழுக்கக்கூட, பதவியில் இருக்கலாம். வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாக நீதிமன்றங்கள் உண்டு, தனியாக ஓர் உச்ச நீதிமன்றமும் உண்டு. சொத்துத் தகராறு, விவாகரத்து, கொலை, திருட்டு என்று சாதாரண மனிதர்களைத் தொடும் வழக்குகளில் பெரும்பாலானவை இந்த மாநில நீதிமன்றங்களுக்குத்தான் போகின்றன. அந்த நீதிபதிகளைத்தான் பெரும்பான்மையான மாநிலங்களில் ஏதோ ஒரு வகையில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள்.

'ஏதோ ஒரு வகையில்' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டெக்சஸில் நீதிபதி வேட்பாளர் கட்சியின் பெயரோடு நிற்கிறார். மின்னசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் கட்சிப் பெயர் இல்லாமல் நிற்க வேண்டும். மிசௌரி 1940ல் வேறொரு வழியை எடுத்தது. ஒரு குழு தகுதியானவர்களின் பட்டியலைத் தரும், ஆளுநர் அதிலிருந்து ஒருவரை நியமிப்பார். சில காலம் கழித்து "இவர் தொடரலாமா?" என்று மக்களிடம் கேட்பார்கள். எதிர்வேட்பாளர் கிடையாது. ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான்.

ஏன் தேர்தல்? தன் நீதிபதிகள் எல்லோரையும் மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்த மாநிலம் மிசிசிப்பி, 1832ல். 1846ல் நியூயார்க் அந்த வழிக்கு வந்தது, அப்புறம் மற்ற மாநிலங்கள் வரிசையாக வந்தன. அதற்கு முன்பு ஆளுநரோ சட்டமன்றமோ நியமித்தது. அப்போது பதவி அவர்களுக்கு நெருங்கியவர்களுக்கும் கட்சிக்கு உழைத்தவர்களுக்கும் போய்விடுகிறது, அந்த நீதிபதி தன்னை நியமித்தவர்களை எதிர்த்துத் தீர்ப்பு எழுதத் தயங்குகிறார் என்ற குறை இருந்தது. அதிகாரத்தில் இருப்பவர்களிடமிருந்து நீதிபதியை விடுவிக்க வேண்டும் என்றால் அவரை மக்களிடம் விட்டுவிடுவோம் என்று நினைத்தார்கள். அந்த நினைப்பில் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மின்னசோட்டா 1858ல் மாநிலமானபோதே நீதிபதிகளை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்று தன் அரசியல் சாசனத்தில் எழுதிக்கொண்டது. 1912ல் வாக்குச்சீட்டிலிருந்து கட்சிப் பெயரை எடுத்தது. பதவிக்காலம் 6 ஆண்டு. சாசனத்தின்படி நீதிபதிகள் எல்லோரும் தேர்தலில் வந்தவர்களாக இருக்க வேண்டும். நடப்பது வேறு. ஒரு நீதிபதி பதவிக்காலத்தின் நடுவில் ஓய்வு பெற்றால், அந்த இடத்தை ஆளுநர் நியமனத்தால் நிரப்புவார். நியமனமாகி ஓராண்டு கழிந்த பிறகு வரும் பொதுத் தேர்தலில்தான் அவர் மக்களைச் சந்திக்க வேண்டும். அதற்குள் அவர் 'பதவியில் இருப்பவர்' ஆகிவிடுகிறார், சீட்டில் அந்தச் சொல் அவருக்குக் கிடைத்துவிடுகிறது. மின்னசோட்டா வாக்குச்சீட்டில் இந்தச் சலுகை நீதிபதிகளுக்கு மட்டுமே உண்டு. கட்சி தெரியாமல், ஆளைத் தெரியாமல் நிற்கும் வாக்காளர் எந்தப் பெயரைத் தொடுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

தேர்தலில் நின்று நேராக உள்ளே போனவரும் உண்டு, ஆனால் அவர் சாதாரண ஆள் இல்லை. ஆலன் பேஜ் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம், பிறகு வழக்கறிஞர் ஆனவர். 1992ல் அவர் நிற்க நினைத்த இடத்தில் இருந்த நீதிபதியின் பதவிக்காலத்தை ஆளுநர் நீட்டித்து, தேர்தலே நடக்காமல் செய்யப் பார்த்தார். பேஜ் வழக்குப் போட்டார். மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எல்லோரும் அந்த வழக்கிலிருந்து ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பதிலாக அமர்ந்தவர்கள், தேர்தல் நடக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். பேஜ் வென்று, அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனார். மாநிலம் முழுக்கத் தெரிந்த ஒருவருக்கே தேர்தல் நடக்க வைக்க ஒரு வழக்கு தேவைப்பட்டிருக்கிறது.

சரி, இனி வெர்சல். 1996ல் அவர் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு நின்றார். துண்டுப் பிரசுரங்கள் கொடுத்தார். குற்றம், அரசு நலத்திட்டம், கருக்கலைப்பு ஆகியவை பற்றி அந்த நீதிமன்றம் கொடுத்த சில தீர்ப்புகளை அவற்றில் குறை சொன்னார். எதிர்த்து நிற்கும் ஒருவர் வேறு எதைத்தான் பேச முடியும்? ஆனால் அவர் மீது புகார் போனது. மாநிலத்தில் 1974 முதல் ஒரு விதி இருந்தது: நீதிபதி பதவிக்கு நிற்பவர், சர்ச்சைக்குரிய சட்டப் பிரச்சினைகளிலோ அரசியல் பிரச்சினைகளிலோ தன் கருத்தை அறிவிக்கக் கூடாது. மீறினால், ஏற்கெனவே நீதிபதியாக இருப்பவர் பதவியை இழக்கலாம். வழக்கறிஞராக இருப்பவர் தொழில் செய்யும் உரிமத்தை இழக்கலாம்.

வழக்கறிஞர்களின் ஒழுக்கத்தைக் கவனிக்கும் வாரியம் அந்தப் புகாரைத் தள்ளுபடி செய்தது. இந்த விதி அரசியல் சாசனத்தின் முன் நிற்குமா என்று வாரியத்துக்கே சந்தேகம் இருந்தது. ஆனாலும் வெர்சல் பயந்துவிட்டார். இன்னொரு புகார் வந்து, அதில் தன் பிழைப்பே போய்விட்டால்? போட்டியிலிருந்து விலகினார். இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தேர்தலில் தோற்றால் சட்டமன்ற வேட்பாளர் வீட்டுக்குப் போவார். இவர் பேசியதற்காகத் தன் தொழிலையே பணயம் வைக்க வேண்டியிருந்தது.

1998ல் மீண்டும் நின்றார். இந்த முறை முன்கூட்டியே வாரியத்துக்கு எழுதிக் கேட்டார்: அந்த விதியை என் மீது பயன்படுத்துவீர்களா, மாட்டீர்களா? வாரியம் தெளிவாகப் பதில் சொல்லவில்லை. எங்களுக்கும் சந்தேகம் இருக்கிறது, ஆனால் நீங்கள் என்னென்ன பேசப்போகிறீர்கள் என்று பட்டியல் தராததால் சொல்ல முடியாது என்றது. வெர்சல் மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். மாநிலத்தின் குடியரசுக் கட்சியும் சேர்ந்துகொண்டது. வழக்கு நடக்க, பிரசாரமும் நடந்தது. பத்திரிகைக்காரர்களும் வாக்காளர்களும் கேள்வி கேட்டபோது, விதிக்குப் பயந்து தான் பதில் சொல்லாமல் இருந்ததாக அவர் நீதிமன்றத்தில் சொன்னார். ஓட்டுக் கேட்டு வந்தவரிடம் மக்கள் கேள்வி கேட்கிறார்கள், அவர் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். இந்த ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொண்டால் மீதி வழக்கு எளிதாகப் புரியும்.

மாவட்ட நீதிமன்றத்தில் தோல்வி. மேல்முறையீட்டிலும் தோல்வி. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சட்டப் புத்தகங்களில் அதன் பெயர் 'மின்னசோட்டா குடியரசுக் கட்சி எதிர் ஒயிட்'. ஒயிட் என்பவர் மின்னசோட்டாவில் நீதிபதிகளின் நடத்தையைக் கவனிக்கும் வாரியத்தின் தலைவர். வழக்குக்குக் காரணமான வெர்சலின் பெயர் தலைப்பில்கூட இல்லை. 2002 ஜூன் 27 அன்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. விதி செல்லாது.

மின்னசோட்டா சொன்ன காரணம் எளிமையானது: நீதிபதி நடுநிலையாக இருக்க வேண்டும், நடுநிலையாகத் தெரியவும் வேண்டும். அதற்குத்தான் விதி. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி அன்டோனின் ஸ்காலியா, நடுநிலை என்ற அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தார். அதில் மூன்று பொருள் இருக்கிறது என்றார். ஒரு கற்பனை வழக்கை வைத்து இதைப் பார்க்கலாம். வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் தகராறு, நீதிபதியின் முன் வருகிறார்கள்.

முதல் பொருள், ஆளைப் பார்க்காமல் இருப்பது. வீட்டுக்காரர் நீதிபதியின் மைத்துனர் என்றால் அங்கே நடுநிலை இல்லை. இதுதான் சொல்லின் அடிப்படைப் பொருள். ஆனால் மின்னசோட்டா விதி ஆட்களைப் பற்றிய பேச்சைத் தடுக்கவில்லை, பிரச்சினைகளைப் பற்றிய பேச்சைத்தான் தடுத்தது. வாடகைச் சட்டத்தைப் பற்றி உறுதியான கருத்து உள்ள நீதிபதி, எந்த வீட்டுக்காரர் வந்தாலும் அதே சட்டத்தைத்தான் பொருத்துவார். அதில் ஓரவஞ்சனை இல்லை.

இரண்டாவது பொருள், சட்டத்தைப் பற்றி முன்கூட்டியே எந்தக் கருத்தும் இல்லாமல் இருப்பது. இப்படி ஒரு நீதிபதி கிடைக்கவும் மாட்டார், கிடைக்கவும் கூடாது என்றது தீர்ப்பு. இருபது முப்பது ஆண்டு சட்டம் படித்து, வாதாடி, மனதில் ஒரு கருத்தும் படியாதவர் என்றால், அவருக்கு அந்த வேலைக்குத் தகுதி இல்லை என்றுதான் பொருள். எனக்கு இந்த வாதம் மிகவும் பிடித்தது. நடுநிலையை வெறுமை என்று நினைக்கும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. தராசு நேராக நிற்க வேண்டும், ஆனால் அதற்கு முள் இருக்கத்தானே வேண்டும்.

மூன்றாவது பொருள், மனதைத் திறந்து வைத்திருப்பது. கருத்து இருக்கட்டும், எதிர்த்தரப்பு நல்ல வாதம் வைத்தால் அதை மாற்றிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். இதைக் காப்பது நியாயம்தான். ஆனால் அதற்காகத்தான் இந்த விதி என்று சொன்னால் நம்ப முடியவில்லை என்றார் ஸ்காலியா. ஒருவர் வேட்பாளர் ஆவதற்கு முந்தைய நாள்வரை எந்தக் கருத்தையும் சொல்லலாம். நீதிபதி ஆன பிறகு புத்தகமே எழுதலாம். தேர்தல் நடக்கும் அந்தச் சில மாதங்கள் மட்டும் பேசக் கூடாது என்றால், அதாவது மக்கள் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் பேசக் கூடாது என்றால், அது எப்படித் திறந்த மனதைக் காக்கும்?

தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு, அதுதான் இந்தக் கதையின் மையம் என்று நினைக்கிறேன். தேர்தல் வேண்டும் என்று எழுதியது மக்கள் ஏற்றுக்கொண்ட அரசியல் சாசனம். பேசக் கூடாது என்ற விதியை எழுதியது மின்னசோட்டா உச்ச நீதிமன்றம். அதாவது, யாருடைய நாற்காலிக்குப் போட்டி நடக்கிறதோ அவர்கள்தான் போட்டியாளர் எதைப் பேசலாம் என்று விதி எழுதினார்கள். கெட்ட எண்ணத்தோடு எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விளைவு என்ன? பதவியில் இருப்பவரின் கருத்து அவர் எழுதிய தீர்ப்புகளில் ஏற்கெனவே இருக்கிறது. 'பதவியில் இருப்பவர்' என்ற சொல்லும் வாக்குச்சீட்டில் அவருக்கு இருக்கிறது. எதிர்த்து நிற்பவரிடம் இருப்பது அவருடைய பேச்சு மட்டும்தான். அதையும் எடுத்துவிட்டால் தேர்தல் என்று எதைச் சொல்வது?

எதிர்த்து எழுதிய நால்வரின் பக்கத்தையும் முழு மரியாதையோடு கேட்க வேண்டும். நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் சொன்னது இது: சட்டமன்ற உறுப்பினர் தன்னைத் தேர்ந்தெடுத்தவர்களுக்காகப் பேசுகிறவர், அதற்காகத்தான் அவருக்கு ஓட்டு. நீதிபதி யாருடைய பிரதிநிதியும் இல்லை. தேர்தல் என்று பெயர் இருப்பதால் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடாது. அப்புறம், வேட்பாளர்கள் வாக்குறுதி கொடுக்கக் கூடாது என்று மின்னசோட்டாவில் தனியாக ஒரு விதி உண்டு. அதை வெர்சல் எதிர்க்கவில்லை. "நான் இப்படித் தீர்ப்பளிப்பேன்" என்பது வாக்குறுதி. "எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது" என்பது கருத்து. மேடையில் நின்று ஓட்டுக் கேட்கும்போது இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கும்? கருத்து என்ற பெயரில் வாக்குறுதி வந்துவிடும் என்பது கின்ஸ்பர்க்கின் கவலை.

நம் கற்பனை வழக்குக்கே திரும்புங்கள். "வாடகைக்கு இருப்பவர்கள் இந்த மாநிலத்தில் அதிகமாகச் சலுகை அனுபவிக்கிறார்கள்" என்று பிரசாரம் செய்து வென்ற நீதிபதியின் முன், வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வாங்கிய ஒருவர் நிற்கிறார். அவர் எந்த நம்பிக்கையில் நிற்பார்? இந்தக் கேள்வியை என்னால் ஒதுக்க முடியவில்லை. இருந்தாலும், தேர்தலை வைத்துக்கொண்டு பேச்சை மட்டும் தடுப்பது அந்தக் குடித்தனக்காரருக்கும் உதவாது. நீதிபதியின் கருத்து அப்படியேதான் இருக்கும், வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

பெரும்பான்மையோடு சேர்ந்த சாண்ட்ரா டே ஓ'கானர் தனியாகச் சில பக்கங்கள் எழுதினார். அவர் அரிசோனாவில் தேர்தலில் வென்று விசாரணை நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், அந்த அனுபவம் உள்ளவர். மாநிலத்துக்கு நீதிபதிகளின் நடுநிலை பற்றிக் கவலை இருந்தால், தேர்தல் முறையை விடாமல் பிடித்திருப்பதால் அந்தக் கவலையை அதுவேதான் வரவழைத்துக்கொண்டது என்றார். ஓய்வு பெற்ற பிறகு நீதிபதித் தேர்தல்களுக்கு எதிராக நாடு முழுக்கப் பேசினார்.

2002 தீர்ப்புக்குப் பிறகு என்ன ஆனது என்பதை விஸ்கான்சினில் பார்க்கலாம். அங்கே 2023 ஏப்ரலில் ஜேனட் புரோட்டாசேவிச், கருக்கலைப்பு உரிமை பற்றியும் தொகுதி எல்லைகள் பற்றியும் தன் எண்ணத்தை மறைக்காமல் சொல்லி, மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வென்றார். அவரிடம் தோற்றவர் டேனியல் கெல்லி. கெல்லி 2016ல் ஆளுநரால் நியமனமாகி அதே நீதிமன்றத்தில் இருந்தவர். 2020 தேர்தலில் 'பதவியில் இருப்பவர்' ஆக நின்றே தோற்றார், 2023ல் மீண்டும் தோற்றார். இரண்டு முறையும் சுமார் 10, 11 சதவீத வித்தியாசம். 2025ல் அதே நீதிமன்றத்தின் ஓர் இடத்துக்கு நடந்த தேர்தலில் எல்லாத் தரப்பும் சேர்ந்து செலவழித்தது சுமார் 10 கோடி டாலர். மக்களுக்குக் கருத்துத் தெரிகிறது. கூடவே பணமும் வருகிறது.

பணம் என்ன செய்யும் என்பதற்கு மேற்கு வர்ஜீனியா உதாரணம். ஒரு நிலக்கரி நிறுவனத்துக்கு எதிராக 5 கோடி டாலர் நஷ்டஈடு தரச் சொல்லி ஜூரி தீர்ப்பளித்தது. மேல்முறையீடு வருவதற்குள், 2004 நீதிபதித் தேர்தலில் அந்த நிறுவனத்தின் தலைவர் சுமார் 30 லட்சம் டாலர் செலவழித்து ஒரு வழக்கறிஞரை வெல்ல வைக்க உதவினார். வென்றவர் அந்த வழக்கிலிருந்து விலக மறுத்தார். நிறுவனத்துக்குச் சாதகமாக 3க்கு 2 என்று தீர்ப்பு வந்தபோது மூவரில் அவரும் ஒருவர். 2009ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவர் விலகியிருக்க வேண்டும் என்றது. அதுவும் 5க்கு 4.

தோற்ற வேட்பாளர் சட்டத்தில் தடம் பதித்த இன்னொரு கதை ஃபுளோரிடாவில் உண்டு. லனெல் வில்லியம்ஸ்-யூலி என்ற வழக்கறிஞர் ஹில்ஸ்பரோ மாவட்டத்தில் நீதிபதி பதவிக்கு நின்றார். பிரசாரத்துக்கு நன்கொடை கேட்டுத் தானே கையெழுத்துப் போட்டு வாக்காளர்களுக்குக் கடிதம் அனுப்பினார். அங்கே வேட்பாளர் நேரடியாகப் பணம் கேட்கக் கூடாது, அவருடைய குழு கேட்கலாம். பதவியில் இருந்த நீதிபதியிடம் அவர் தோற்றார், ஒழுங்கு நடவடிக்கையும் வந்தது. 2015ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தேர்தல் வழியாக வந்தாலும் நீதிபதி அரசியல்வாதி இல்லை, நாளை தன் முன் நிற்கப்போகிறவரிடம் இன்று கையை நீட்டக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். கருத்துச் சொல்வதற்கும் காசு கேட்பதற்கும் நடுவில் கோடு போட்டது இந்த வழக்குதான். என் மனமும் அந்தக் கோட்டோடு ஒத்துப்போகிறது. கருத்தைக் கேட்டவர் மறுத்துவிட்டுப் போகலாம். நீதிபதியே பணம் கேட்டால், வழக்கறிஞர் எப்படி மறுப்பார்?

வெர்சலின் வழக்கு 2002ல் முடிந்துவிடவில்லை. உச்ச நீதிமன்றம் மீதிக் கேள்விகளைக் கீழே அனுப்பியது. 2005ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வேட்பாளர் கட்சிக் கூட்டங்களுக்குப் போகக் கூடாது, கட்சியின் ஆதரவைக் கேட்கக் கூடாது என்ற விதிகளையும் நீக்கியது. 2010 தேர்தலில் நிற்கத் தயாரானபோது வெர்சல் மீண்டும் வழக்குப் போட்டார். இந்த முறை இரண்டு கேள்விகள்: நீதிபதி வேட்பாளர் மற்ற பதவிகளுக்கு நிற்பவர்களை வெளிப்படையாக ஆதரிக்கலாமா? நேரில் போய் ஆட்களிடம் நன்கொடை கேட்கலாமா? மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு முதலில் அவர் பக்கம் சொன்னது. 2012ல் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை மாற்றி, இரண்டு தடைகளும் செல்லும் என்றது. ஆக, அந்தத் தீர்ப்புக்குப் பிறகு மின்னசோட்டாவில் நீதிபதி பதவிக்கு நிற்பவர் கருக்கலைப்பைப் பற்றித் தன் கருத்தைச் சொல்லலாம், நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பு தவறு என்று சொல்லலாம், கட்சி மாநாட்டில் போய் உட்காரலாம். இருபது பேருக்குக் குறையாத கூட்டத்தில் பொதுவாக நன்கொடை கேட்கலாம், ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கக் கூடாது. பக்கத்துத் தொகுதியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு நிற்கும் நண்பருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று சொல்லக் கூடாது. சீட்டின் கடைசிப் பகுதியில் அவர் பெயரோடு ஒன்றும் அச்சடித்திருக்காது.